ஆனாலும் நல்லவர்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 10:1-35, லூக்கா 10:25-37





இந்த வாரம் ஒரு திரைப்படத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். போதகருக்கும் திரைப்படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் மூத்தவர்கள் கேட்கக்கூடும். அத்தேனே பட்டணத்தின் மார்ஸ் மேடையில் நின்ற அப்போஸ்தலனாகிய பவுல், அந்த ஊராருடைய புலவர்களின் சொல்லை எடுத்துக்காட்டியே ஜீவனுள்ள தேவனைப் பிரசங்கித்தார். ஜனங்கள் எதைக் கண்டு அழுகிறார்கள், எதைக் கேட்டுக் கை தட்டுகிறார்கள் என்பதை அறிந்துகொள்வது வார்த்தையைப் பிரசங்கிக்கிறவனுக்குத் தள்ளத்தக்க காரியம் அன்று. எனினும், இந்தப் படத்தைப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சிறுவர்களுக்கு ஒவ்வாத பகுதிகள் அதில் உண்டு.

2011-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியான ‘வானம்’ என்ற படத்தையே சொல்லுகிறேன். இயக்குநர் கிரிஷ், தாம் முந்தைய ஆண்டு தெலுங்கில் எடுத்த ‘வேதம்’ என்ற படத்தைத் தமிழில் மீண்டும் எடுத்தார். ஒரே கதாநாயகனைச் சுற்றிச் சுழலாமல், ஒருவரையொருவர் அறியாத ஐந்து பேரின் வாழ்க்கை அதில் அடுத்தடுத்து வருகிறது. சென்னையின் குடிசைப் பகுதியில் வாழ்ந்துகொண்டு, காதலிக்கும் பெண்ணிடம் தன்னைச் செல்வந்தன் என்று சொல்லி ஏமாற்றும் கேபிள் ராஜா. விபசாரத்தின் பிடியிலிருந்து தப்பி ஓடும் சரோஜா. இசைக்குழுவோடு பெங்களூரிலிருந்து சென்னைக்குப் புறப்படும் ஓர் இளைஞன். கடனுக்காக மகனைப் பிறர் பிடியில் விட்டுவிட்டு, அவனை மீட்கத் தன் சிறுநீரகத்தையே விற்க வரும் லட்சுமி. ஐந்தாவதாக, பிரகாஷ்ராஜ் ஏற்று நடித்த ரஹீமுதீன் என்ற இசுலாமியர். புத்தாண்டுக்கு முந்தைய இரவில் இந்த ஐவரும் ஒரே மருத்துவமனையில் வந்து சேருகிறார்கள். அங்கே தீவிரவாதிகள் புகுந்து சுடுகிறார்கள்.

ரஹீமுதீனின் கதையை மட்டும் சற்று நின்று பார்ப்போம். அவர் எந்தக் குற்றமும் செய்யாதவர். முன்பு மதப் பகையினால் எழுந்த ஒரு மோதலில் அவருடைய மனைவியின் வயிற்றிலிருந்த கரு அழிந்துபோயிற்று. அதன் பிறகும் ஒரு காவல் அதிகாரியின் கண்ணுக்கு அவர் தீவிரவாதியாகவே தெரிகிறார். தாடியும் பெயரும் சாட்சியாகிவிடுகின்றன. விசாரணைக்கு முன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. திரையரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கோ அவருடைய வீடும் துக்கமும் முன்பே தெரியும். ஆகவே அவர்மேல் விழும் ஒவ்வோர் அடியும் நம்மேல் விழுகிறது. ஐந்து கதைகளையும் அறிந்தவர்களாய் நாம் பார்க்கிறோம். அந்த அதிகாரிக்கோ ஒரு முகமும் ஒரு பெயரும் மாத்திரமே தெரியும். பலருடைய கதையை ஒன்றாகப் பின்னிச் சொல்லும் படங்கள் செய்யும் நன்மை இதுவே. எல்லாருடைய கதையையும் ஒருசேர அறிந்திருக்கிற தேவனுடைய பார்வையின் ஒரு சிறு நிழலை, இரண்டரை மணி நேரம் அவை நமக்குக் கடனாகத் தருகின்றன.

முடிவில் என்ன நடக்கிறது? தாக்குதலின் நடுவே, தன்னை வதைத்த அந்த அதிகாரியையே ரஹீமுதீன் காப்பாற்றுகிறார். அதிகாரியின் மனம் உடைகிறது. அவர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கிறார். அரங்கில் இருப்பவர்களின் கண்கள் நனைகின்றன.

பிரியமானவர்களே, இந்த இடத்தில்தான் என் மனதில் ஒரு கேள்வி எழும்பிற்று. ரஹீமுதீன் அந்த அதிகாரியைக் காப்பாற்றாமல் இருந்திருந்தால்? பயந்து ஒரு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தால்? எத்தனையோ பேர் அப்படித்தானே செய்திருப்பார்கள்! அப்பொழுது அவர் தீவிரவாதி ஆகிவிடுவாரோ? அவர்மேல் விழுந்த அடிகள் நியாயமாகிவிடுமோ? குற்றமற்ற ஒரு மனிதன் தான் குற்றமற்றவன் என்று நம்பப்படுவதற்கு, தன்னை அடித்தவனுடைய உயிரைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. எவ்வளவு பெரிய விலை!

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நிறவெறியைப் பற்றி பால் ஹாகிஸ் இயக்கிய ‘கிராஷ்’ என்ற படமும் இதே வகையைச் சேர்ந்தது. 2006-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது. அதில் ஒரு வெள்ளைக் காவலர், சோதனை என்ற பெயரில் ஒரு கறுப்பினப் பெண்ணை அவளுடைய கணவன் கண்முன்னே அவமானப்படுத்துகிறார். மறுநாள், கவிழ்ந்து தீப்பற்றப்போகும் காரிலிருந்து அதே பெண்ணை அவரே இழுத்துக் காப்பாற்றுகிறார். அவருடன் பணிபுரிந்த இளைய காவலரோ அவருடைய நிறவெறியைச் சகிக்க மாட்டாமல் வேறு துணையைக் கேட்டு விலகிப் போனவர். தன்னிடத்தில் அந்த அழுக்கு இல்லை என்று நம்பியவர். ஓர் இரவு அவர் வழியில் நின்ற ஒரு கறுப்பின இளைஞனைத் தன் காரில் ஏற்றிக்கொள்ளுகிறார். பேச்சு தடிக்கிறது. இளைஞன் சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுக்கிறான். துப்பாக்கி என்று எண்ணிக் காவலர் அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். விரிந்த கையில் இருந்தது பயணிகளின் காவலர் என்று மதிக்கப்படும் புனித கிறிஸ்டோபரின் சிறு சிலை.

வெளிப்படையாக வெறுக்கிறவனைவிட, தன்னிடம் வெறுப்பே இல்லை என்று நம்புகிறவனைக் குறித்தே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஏனெனில் சபையில் அமர்ந்திருக்கும் நம்மில் பலர் அந்த இரண்டாம் வகையினர். அதற்குச் சான்று நம் பேச்சிலேயே இருக்கிறது. ஒருவரைப் பற்றி நாம் புகழ்ச்சியாகத்தான் சொல்லுகிறோம்: “அவர் இன்ன ஆள்தான், ஆனாலும் நல்லவர்.” இந்த வாக்கியத்தைப் போடி கடைவீதியிலும் கேட்கலாம், ஆராதனை முடிந்து வெளியே நிற்கும் இடத்திலும் கேட்கலாம். ‘இன்ன’ என்ற இடத்தில் சாதியின் பெயர் வரும். சில வேளை மதத்தின் பெயர், மொழியின் பெயர், மாநிலத்தின் பெயர் வரும். சொல்லுகிறவர் மனதில் அன்பு இருக்கலாம். ஆயினும் ‘ஆனாலும்’ என்ற அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறது. அவருடைய ஜனத்தார் பொதுவில் நல்லவர்கள் அல்ல, இவர் ஒருவர் தப்பிப் பிறந்தவர் என்பதே அதன் பொருள். புகழ்ச்சியைப் பெற்றுக்கொள்ளுகிறவருடைய காதில் அது எப்படி விழுகிறது என்று நாம் கேட்டுப் பார்க்கிறதில்லை.

நம் மலையடிவாரத்துக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில் காய்ந்த புல் தீப்பற்றிற்று. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்கள் அதில் அகப்பட்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே மலையேறிப் போனவர்களில் குரங்கணி ஊராரும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். இருட்டிலும் புகையிலும் தேடி, எரிந்த உடல்களோடு முனகிக்கொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, சுமந்து இறக்கினார்கள். ‘வானம்’ படத்தில் சென்னை மருத்துவமனையில் நடந்ததாகக் காட்டப்பட்டது, இங்கே மெய்யாகவே நடந்தது. தண்ணீர் கொடுத்த கை எந்தச் சாதியாருடைய கை என்று அன்றைக்கு எவரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் நாடெங்கும் அவர்களைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்தது நியாயமே.

ஆயினும் நான் கேட்கிறேன்: தீப்பிடிக்காத நாளில் அவர் யார்? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போய், காய் பறித்து, அட்டைக் கடியோடு திரும்பி வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் அவருக்கு என்ன மரியாதை? எவரையும் காப்பாற்றச் சந்தர்ப்பம் வாய்க்காத மனிதனுக்கு நம் வீட்டில் எந்தத் தம்ளர்? அவர் தீயில் இறங்கித்தான் தம் மனிதத்தன்மையை நமக்கு நிரூபிக்க வேண்டுமோ?

‘வானம்’ வெளியான அதே 2011-ஆம் ஆண்டின் டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைப் பெரியாறு அணையைக் குறித்த வழக்கு மனிதர்மேல் கோபமாய்ப் பாய்ந்த மாதம் அது. இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, அஞ்சி நடுங்கி மலையிறங்கினார்கள். தேனி மாவட்டத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கிப் புறப்பட்டார்கள். அணையின் நீர்மட்டத்தைத் தீர்மானித்தவர்கள் அந்தத் தொழிலாளிகளும் அல்ல, இந்தக் கடைக்காரர்களும் அல்ல. நீர்மட்டத்தைப் பற்றி 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 142 அடி என்றது. ஆனால் அந்த டிசம்பரில் ஒருவரையொருவர் ஒரே பெயராக, ஒரே மொழியாகப் பார்த்த பார்வைக்கு எந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்? மலைக்கு அப்பால் ‘பாண்டி’ என்று இளக்காரமாய் அழைக்கப்பட்டு மனம் புண்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதே நாம் இன்றைக்குத் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளை எந்தப் பெயரால் அழைக்கிறோம்? அவர்களில் ஒருவனுடைய சொந்தப் பெயராவது நமக்குத் தெரியுமா? 1989-இல் போடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் நடந்த சாதிக் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் உங்களில் உண்டு. புண்பட்டவன் புண்படுத்தமாட்டான் என்பதற்கு ஓர் உத்தரவாதமும் இல்லை என்பதை நாம் அறிந்திருக்கிறோம்.

இப்பொழுது வேதத்தைத் திறப்போம்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் எப்படி அழைக்கிறோம்? ‘நல்ல சமாரியன்’ என்கிறோம். வசனத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். ‘நல்ல’ என்ற சொல் அங்கே இல்லை. ஆண்டவர் அவனைச் சமாரியன் என்று மாத்திரமே சொல்லுகிறார். ஆசாரியனைச் சொல்லும்போது ‘நல்ல’ என்றோ ‘கெட்ட’ என்றோ எப்படிச் சேர்க்கவில்லையோ, அப்படியே இவனுக்கும் சேர்க்கவில்லை. ‘நல்ல’ என்பதைச் சேர்த்தவர்கள் பின்னால் வந்த நாம். அதைச் சேர்த்ததிலேயே, மற்றச் சமாரியர் எப்படிப்பட்டவர்களோ என்ற பழைய சந்தேகம் ஒளிந்திருக்கிறது.

இனி, எந்த நற்சாட்சியும் இல்லாத ஒரு சமாரியரை ஆண்டவர் எப்படி நடத்தினார்? யோவான் 4-ஆம் அதிகாரத்தில், சீகார் ஊரின் கிணற்றண்டையில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறார். அவள் எவரையும் காப்பாற்றினவள் அல்ல. ஊரில் நற்பெயர் பெற்றவளும் அல்ல. அவளிடத்தில்தான் ஆண்டவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். மொண்டுகொள்ள அவரிடத்தில் பாத்திரம் இல்லை என்று அவளே சொல்லுகிறாள். அப்படியானால் அவளுடைய பாத்திரத்திலேதான் குடிக்க வேண்டும். அந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, இரட்டைக் குவளையைக் கண்ட தேசத்தாராகிய நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து அப்போஸ்தலர் 10. பேதுரு யோப்பாவில், தோல் பதனிடுகிற சீமோனுடைய வீட்டில் தங்கியிருக்கிறார். நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் ஆட்கள் அவரைத் தேடி வருகிறார்கள். வந்தவர்கள் தங்கள் எஜமானைக் குறித்துச் சொல்லும் வார்த்தைகளைக் கவனியுங்கள். அவர் நீதிமான், தேவபயமுள்ளவர், யூத ஜனத்தார் எல்லாராலும் நற்சாட்சி பெற்றவர் என்கிறார்கள். அதாவது, ரோமர்தான், ஆனாலும் நல்லவர்! லூக்கா 7-இல் வேறொரு நூற்றுக்கு அதிபதிக்காக யூதரின் மூப்பர்கள் ஆண்டவரிடத்தில் பேசியதும் இதே பேச்சுத்தான்: அவர் தகுதியுள்ளவர், நம் ஜனத்தை நேசிக்கிறார், நமக்கு ஜெப ஆலயம் கட்டிக் கொடுத்தார் என்றார்கள்.

பேதுரு செசரியாவுக்குப் போய்க் கொர்நேலியுவின் வீட்டு வாசலுக்குள் நுழைந்தபோது என்ன சொன்னார்? அந்த நற்சாட்சிப் பத்திரத்தை அவர் கையிலே எடுக்கவே இல்லை. நீர் நல்லவர் என்று கேள்விப்பட்டேன், ஆகையால் வந்தேன் என்று அவர் சொல்லவில்லை. எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்றும் அசுத்தமானவன் என்றும் சொல்லலாகாது என்பதைத் தேவன் எனக்குக் காண்பித்தார் என்கிற பொருளிலேயே பேசினார். ‘எந்த மனுஷனையும்’ என்ற அந்தச் சொல்லுக்குள் ‘ஆனாலும்’ நுழைவதற்கு இடமே இல்லை. கொர்நேலியு நற்பெயர் இல்லாதவராக இருந்திருந்தாலும் பேதுரு அந்த வாசலைத் தாண்டியிருக்க வேண்டியதுதான்.

திரைப்படம் நிற்கும் இடத்துக்கு அப்பால் சுவிசேஷம் போகிறது. தன்னைக் காப்பாற்றினவரை அந்த அதிகாரி மதிக்கக் கற்றுக்கொண்டார். அது நன்றியுணர்வு, நல்லதே. ஆனால் நாம் தகுதியுள்ளவர்களாக இருந்தபோதல்ல, பாவிகளாக இருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5-இல் பவுல் எழுதுகிறார். நமக்காக எவரும் ‘ஆனாலும் நல்லவர்’ என்று பிதாவிடத்தில் சிபாரிசு செய்யவில்லை. செய்திருந்தாலும் அது உண்மையாக இருந்திராது. அந்தக் கிருபையைப் பெற்றவர்கள், அயலானிடத்தில் நற்சாட்சிப் பத்திரம் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படிக் கூடும்?

ஒரே இரவில் எல்லாம் மாறிவிடும் என்று படங்கள் காட்டுகின்றன. வேதம் அப்படிக் காட்டவில்லை. வானத்திலிருந்து தரிசனம் பெற்ற பேதுருவே, பிற்பாடு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்து, சிலர் வந்தவுடன் பயந்து விலகிக்கொண்டார் என்று கலாத்தியர் 2-இல் காண்கிறோம். நம் தமிழ்ச் சபையின் சரித்திரமும் அப்படியே. சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று 1833-இல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டார். தனித்தனி இருக்கையும், நற்கருணையில் யார் முந்தி யார் பிந்தி என்பதும் அன்றைய வழக்கு. அந்தக் கட்டளையை ஏற்க மாட்டாமல் தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். கிறிஸ்துவை விடுவதைக்காட்டிலும் சாதியை விடுவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. இரண்டு நூற்றாண்டுகள் நெருங்குகின்றன. கிறிஸ்தவர்களுக்கான மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரட்சிக்கப்பட்டவர் தேவை என்று எழுதிவிட்டு, அருகிலேயே சாதியின் பெயரையும் எழுதுகிறோம்.

இந்த மடலை வாசிக்கிறவர்களில், மற்றவர்களுடைய வாயிலிருந்து ‘ஆனாலும் நல்லவர்’ என்ற பட்டத்தைப் பெற்றுப் பெற்று இளைத்துப் போனவர்கள் இருக்கிறீர்கள். உங்களோடு ஒரு வார்த்தை. நன்றாகப் படித்தால் மதிப்பார்கள், வெள்ளையாய் உடுத்தினால் மதிப்பார்கள், எவருக்கும் எதிர்த்துப் பேசாமல் இருந்தால் மதிப்பார்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறீர்கள். படிக்கட்டும், நன்றாய் உடுத்தட்டும். ஆனால் மதிப்பைச் சம்பாதிப்பதற்காக அல்ல. தேவசாயலில் படைக்கப்பட்ட நாளிலேயே அது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டாயிற்று. மனிதர் அதைத் தரமறுக்கலாம். தேவன் கொடுத்ததை அவர்களால் எடுத்துப்போட முடியாது. தவறு செய்யவும், சோர்ந்துபோகவும், சாதாரணமாய் இருக்கவும் மற்ற எல்லாருக்கும் உள்ள உரிமை உங்களுக்கும் உண்டு.

மற்ற யாவருக்கும் இந்த வாரத்துக்கு ஒரு சிறு பயிற்சி. உங்கள் நாவிலே ‘ஆனாலும்’ வரும்போது நின்று கவனியுங்கள். அதற்கு முன்னால் எந்தப் பெயரைச் சொன்னீர்கள் என்று பாருங்கள். பிறகு, இதுவரை பெயர் தெரியாத ஒருவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் உங்களுக்கு எந்த உதவியும் செய்யாதவராக இருக்கட்டும். உங்கள் வீட்டில் நீங்கள் குடிக்கும் தம்ளரிலேயே அவருக்குத் தேநீர் கொடுங்கள். வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிறவர்கள், எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறோம் என்பதைத் தேவசமுகத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜெபம்:

எங்கள் எல்லாருடைய வாழ்க்கையின் ஆதியையும் அந்தத்தையும் அறிந்திருக்கிற பரலோகப் பிதாவே, நாங்கள் ஒருவருடைய பெயரை மாத்திரம் கேட்டுவிட்டு அவரை அறிந்துவிட்டதாக எண்ணுகிறோம். எங்கள் கண்களைத் திறந்தருளும். தகுதி கேளாமல் எங்களை ஏற்றுக்கொண்ட உமது குமாரனைப்போல, நாங்களும் தகுதி கேளாமல் அயலானை ஏற்றுக்கொள்ளக் கிருபை தாரும். இந்த மலைகளில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும், அவர்கள் எந்த மொழி பேசுகிறவர்களாக இருந்தாலும், இன்றைக்குப் பத்திரமாய் வீடு கொண்டுவந்து சேரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.